பூச்சியத்தால் வகுக்கும் கடவுள்

சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தோம். பின்னங்கள் பற்றிய பாடம். எந்த எண்ணையும் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று கூறி, அதனைக் கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் இட்டாயிற்று. அப்போது பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். எழுந்து கேள்வி கேட்கும் வழக்கம் உள்ளவன் அல்லன் அவன்.

"சேர், எங்களாலை பூச்சியத்தாலை வகுக்க ஏலாது எண்டு சொன்னியள். கடவுளாலையும் ஏலாதோ?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். "அதைக் கோயில் ஐயரிட்டைப் போய்க் கேள்" என்று நாம் அளித்த விடை அன்று எமக்கு மிகுந்த சாதுரியமானதாகவே தோன்றிற்று. சிரிப்பு இரண்டாம் முறையும் எழுந்தது. அவன் முகம் கறுத்து அமர்ந்தான். அவ்வாண்டு முழுவதிலும் அவன் மறுபடி எழவேயில்லை. ஆசிரியர் அறையில் இதனை ஒரு வேடிக்கைக் கதையாக நாம் சொல்ல, அங்கும் எல்லோரும் சிரித்தனர்.

நாம் பகுத்தறிவாளர் என்று எம்மை எண்ணிக்கொள்பவர்கள். சமூகத்தில் யாரும் யாரையும் மிதிக்கலாகாது என்று மேடையிலும் பேசுபவர்கள். அப்படியிருந்தும் அன்று நாம் செய்தது யாதென்பது எமக்கு விளங்கப் பல காலம் சென்றது. கணித வரலாறு பற்றிய நூல்களை வேறொரு தேவைக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், அந்த மாணவனின் கேள்வி மிக மூத்த கேள்வி என்பதனைக் கண்டோம்.

கி.பி. 628-இல் பிரமகுப்தர் எழுதிய 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' பூச்சியத்தை ஓர் எண்ணாகவே எடுத்து, அதனைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி கூறியது. வகுத்தலுக்கு வந்தவிடத்து அப்பெரியார் தடுமாறினார். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றார். வேறோர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் வருவது பூச்சியத்தைக் கீழே கொண்ட ஒரு பின்னம் என்று கூறி, அதன் பெறுமதி யாதெனச் சொல்லாமலே மேற்சென்றார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீரர், பூச்சியத்தால் வகுத்தால் எண் மாறாது, இருந்தபடியே இருக்கும் என்று துணிந்துரைத்தார். யாருக்கும் பங்கிட்டுக் கொடுக்காதவன் கையில் முழுப் பொருளும் மிஞ்சும் என்பது அவர் கணக்குப் போலும்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தமது 'பீஜ கணித'த்தில் இதனை முடிவற்ற ஒரு கணியமாகக் கண்டார். அதனோடு எதனைக் கூட்டினாலும் அது கூடாது, எதனைக் கழித்தாலும் குறையாது என்றார். அவ்வளவில் நில்லாது, உலகங்கள் தோன்றும்போதும் ஒடுங்கும்போதும் மாற்றமடையாத அச்சுதனை அதற்கு உவமையாக்கினார்.

பின் வாங்கிலிருந்த சிறுவன் எண்ணூறு ஆண்டுகளுக்குமுன் உஜ்ஜயினியின் பெருங்கணிதர் ஒருவர் வந்து நின்ற அதே இடத்துக்குத்தான் தன் காலால் நடந்து வந்து நின்றான். பாஸ்கரரை நாம் போற்றுகிறோம். அவனைப் பார்த்துச் சிரித்தோம்.

கேள்விக்கு விடை இல்லாமலும் இல்லை. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு என்பதன் பொருள், மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு வரும் என்பதே. அப்படியாயின் ஐந்தைப் பூச்சியத்தால் வகு என்பது, எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் ஐந்து வரும் என்ற வினா. அப்படி ஓர் எண் இல்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகு என்றாலோ எல்லா எண்ணும் விடையாகின்றன. முன்னதில் விடையே இல்லை; பின்னதில் விடைகளுக்குக் கணக்கில்லை. ஆகவே இது மலையைத் தூக்குவதுபோல வலிமை போதாமையாற் செய்ய முடியாத ஒரு காரியம் அன்று. செய்யப்படுவதற்கு அங்கே ஒரு காரியமே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் கடவுளின் சர்வ வல்லமை பற்றிக் கூறியதும் ஏறக்குறைய இதுவே: தன்னைத் தானே மறுக்கும் ஒன்று வல்லமையின் எல்லைக்குள் வராது, ஏனெனில் அது ஒரு பொருளே அன்று. ஆனால் டேக்கார்ட் இதற்கு உடன்படவில்லை. 1630-இல் மெர்சேனுக்கு எழுதிய கடிதங்களில், கணித உண்மைகளும் கடவுள் நிறுவியவையே என்றும், ஓர் அரசன் தன் நாட்டிலே சட்டம் இயற்றுவது போன்றது அது என்றும் அவர் வாதித்தார். பிரான்சில் அக்காலத்தில் முடியரசின் கை ஓங்கிக்கொண்டிருந்தது என்பதனை நினைத்தால் இந்த உவமை பிறந்த வீடு எது என்பது விளங்கும்.

இரு பெரும் அறிஞர் இரு வேறு விடை பகர்ந்த கேள்விக்கு நாம் அளித்த விடை, கோயில் ஐயரின் விலாசம்.

கணிதமும் விஞ்ஞானமும் சமய நம்பிக்கையும் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் வேடிக்கை பிறப்பது இயல்பு. அளவில்லாததை அளக்க முற்படும் எவனுடைய முழக்கோலும் சிறிது வளைந்தே தோன்றும். அந்த வேடிக்கையை வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. சிரிப்பில்லாத பகுத்தறிவு உப்பில்லாத கஞ்சி. ஆயினும் சிரிப்பும் தண்ணீரைப் போலப் பள்ளம் நோக்கி ஓடும் தன்மையது. மேட்டில் உள்ளவன் எத்தகைய அபத்தத்தை உரைப்பினும் சபை தலையாட்டுகிறது. பள்ளத்தில் இருப்பவனின் நியாயமான ஐயத்துக்கே சிரிப்பு வெள்ளமாய்ப் பாய்கிறது.

பீற்றர்ஸ்பேர்க் அரண்மனைக் கதை ஒன்று உண்டு. கணித மாணவர் பலர் அதனைக் கேட்டிருப்பர். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியரும் நாத்திகருமான டிடரோ, 1773-74-இல் இரண்டாம் கத்தரீன் பேரரசியின் விருந்தினராக அங்கிருந்தார். அவருடைய பேச்சு அரசவையினரின் சமய நம்பிக்கையைக் குலைப்பதாகக் கண்டு, அவரை அடக்கும்பொருட்டுக் கணித மேதை ஒயிலரை ஏவிவிட்டனராம். ஒயிலர் கம்பீரமாக முன்வந்து, "ஐயா, ஏ-யையும் பீ-யின் என்-ஆம் அடுக்கையும் கூட்டி என்-ஆல் வகுத்தால் எக்ஸ், ஆகவே கடவுள் இருக்கிறார். மறுமொழி கூறும்!" என்றாராம். அட்சரகணிதம் அறியாத டிடரோ வாயடைத்து நிற்க, அவை நகைக்க, அவர் தாய்நாடு திரும்ப விடைபெற்றாராம்.

இக்கதை பொய். டிடரோ 1748-இலேயே கணிதக் கட்டுரைகளை நூலாக வெளியிட்டவர். கதையை முதலில் எழுதிய தியெபோ என்பவர் அதனை 1804-இல், நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முப்பது ஆண்டு கழித்து வெளியிட்டார். அதிலே ஒயிலரின் பெயரே இல்லை. ஒயிலரை அதிற் புகுத்திப் பரப்பியது ஆங்கிலக் கணிதர் டி மோர்கன். ஆயினும் பொய்க்கதைக்கும் ஒரு பயன் உண்டு. அதனைப் படைத்தவரின் ஆசையை அது காட்டிவிடுகிறது. நாத்திகனை நியாயத்தால் வெல்வதல்ல, அரசியின் முன்னிலையில் நகைப்புக்கு இடமாக்குவதே அவர்கள் வேண்டியது. அச்சூத்திரத்துக்கும் முடிவுக்கும் இடையே நிற்கும் அந்த 'ஆகவே'யைப் பாருங்கள். சூத்திரம் அங்கே கணிதமாகத் தொழிற்படவில்லை. பொருள் தெரியாத கூட்டத்தை வாய்மூடச் செய்யும் மந்திரமாகவே தொழிற்படுகிறது. எமது மாணவன் அந்த அவையில் இருந்திருப்பானாயின், "அந்த என் பூச்சியமானால் என்ன செய்வியள்?" என்று கேட்டிருப்பான். அரசவையும் சூத்திரமும் அந்த ஒரு கேள்வியோடு சரிந்திருக்கும்!

இதற்கு மறுதலையான காட்சி, சிரிக்கவேண்டிய இடத்தில் ஒருவரும் சிரியாத காட்சி, 1897-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே நிகழ்ந்தது. எட்வின் குட்வின் என்ற மருத்துவர் வட்டத்தைச் சதுரமாக்கும் வழியைக் கண்டுபிடித்ததாக நம்பினார். அது இயலாதென்பது லிண்டமன் 1882-இல் அளித்த நிரூபணத்தால் முன்னரே முடிந்த காரியம். குட்வினின் கணக்குப்படி வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 3.2 ஆகும். இதனைச் சட்டமாக்கும் 246-ஆம் இலக்க மசோதா மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. சதுப்பு நிலங்களுக்கான குழுவிற்கு முதலில் அனுப்பப்பட்டு, பின் கல்விக் குழுவிற் பரிசீலிக்கப்பட்டு, 67 வாக்குகளால் எதிர்ப்பின்றி நிறைவேறியது. மேற்சபை அதனை மதுவொழிப்புக் குழுவிடம் ஒப்படைத்தது. தற்செயலாக அங்கு வந்திருந்த வால்டோ என்ற கணிதப் பேராசிரியர் தலையிட்டு விளக்கிய பின்னரே மசோதா கிடப்பிற் போடப்பட்டது. அறுபத்தேழு கனவான்கள் ஏன் சிரிக்கவில்லை? அவர்களை ஈர்த்த நிபந்தனை ஒன்று மசோதாவிலேயே இருந்தது: இந்தியானாவின் பாடசாலைகள் இப்புது 'உண்மை'யை இலவசமாகப் பயன்படுத்தலாம், மற்றையோர் உரிமைப்பணம் கட்டவேண்டும். வட்டத்துக்கும் வாடகை வசூலிக்கலாம் என்ற நிலை வந்தால், வட்டத்தின் வடிவை மாற்றவும் சிலர் ஆயத்தமாகவே இருப்பர்.

எமது மண்ணிலும் இத்தகைய ஒரு வழக்கு நடந்தது. அதில் யார் வென்றார் என்பது பார்வைக்குத் தோன்றும் அளவு எளிதன்று. அமெரிக்க மிசனரிமார் 1823-இல் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரியின் அதிபர் தானியேல் பூவர், மாணவருக்கு மேனாட்டு வானசாத்திரத்தைக் கற்பித்தார். 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தை முன்வைத்து, பஞ்சாங்கக் கணிதத்திற் பேர்பெற்ற விசுவநாத சாத்திரியாரின் கணிப்புக்கும் செமினரியின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தது. கிரகணம் எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நிற்கும், சந்திரனில் எவ்வளவு மறையும் என்பன பற்றிய வேறுபாடு அது. குறித்த இரவு வந்தது. வானம் செமினரியின் பக்கம் தீர்ப்பளித்தது. பஞ்சாங்கத்தின் மதிப்பு ஆட்டங்கண்டது. சாத்திரியாரின் நிமிடக் கணக்கிற் பிழை காணவே, அவர் சமயத்திலும் பிழை கண்டுவிட்டதாக மிசனரிமார் மகிழ்ந்தனர்.

பிழையைப் பிழை என்று காட்டியது நன்று. மேனாட்டுக் கணிதம் துல்லியமானது என்பதும் உண்மை. ஆயின் இங்கேயும் அந்த 'ஆகவே' தலைநீட்டுகிறது. சந்திரன் இத்தனை நிமிடத்தில் மறைந்தது. ஆகவே கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! பீற்றர்ஸ்பேர்க் சூத்திரத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அந்த வானக் கணிதம் பைபிளிலிருந்து வந்ததன்று. கோப்பர்னிக்கசும் கலிலியோவும் கெப்ளரும் வகுத்த வழி அது. கலிலியோவை 1633-இல் மண்டியிடச் செய்ததும் ஒரு திருச்சபையே. மறுபக்கத்தில், பாம்பு சந்திரனை விழுங்குகிறது என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்க, அதே ஊரின் கணிதர் இராகு என்ற பெயரால் ஒரு புள்ளியைக் குறித்து, நிழலின் அளவைக் கணித்துப் பஞ்சாங்கம் எழுதினர். பெயர் பாம்பினது, கணக்கு நிழலினது. இந்த இரட்டை வாழ்வு மிகப் பழையது. பூமியின் நிழலே கிரகணம் என்று ஆரியபடர் 499-இலேயே கூறினார். பிரமகுப்தரோ, தம் கணக்கை நிழலை வைத்தே செய்துகொண்டு, இராகுவை மறுத்தோரைக் கண்டித்தும் எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் இதனைப் படித்த அல்பெரூனி முதலில் எள்ளினார். பின்னர் சோக்கிரதீசுக்கு நேர்ந்த கதிக்கு அஞ்சியே இவர் மனச்சாட்சிக்கு மாறாக எழுதினார் போலும் என்று இரங்கினார். அன்னிய நாட்டான் ஒருவன், தான் நம்பாத சமயத்தினன் ஒருவனின் முரண்பாட்டைக் கண்டு நகைக்கத் தொடங்கி, நகைப்பின் நடுவே அவனுடைய அச்சத்தைக் கண்டுகொண்டு நின்றுவிட்ட இடம் அது. எமது வாசிப்பில் இதைவிட உயர்ந்த நகைச்சுவையை நாம் அதிகம் கண்டதில்லை.

எதிரியின் சிரிப்பும் சில வேளைகளில் உபகாரமாகும் என்பதையும் மறைத்தலாகாது. 1734-இல் ஆயர் பேர்க்லி, நியூட்டனின் நுண்கணிதத்தைக் கிண்டல் செய்து ஒரு நூல் எழுதினார். ஒரு சிறு அளவு கணக்கின் தொடக்கத்தில் உளதாக இருந்து அதனால் வகுத்தும் ஆகிறது, முடிவில் அதுவே இலதாகி மறைகிறது. இதனை விழுங்கக்கூடிய கணிதருக்குச் சமயத்தின் மறைபொருள்கள் மட்டும் தொண்டையில் அடைப்பானேன் என்பது அவர் கேள்வி. குறும்பான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்வி. அதற்குச் சரியான விடையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோஷியும் வையர்ஸ்திராசுமே அளித்தனர். இடையில் இன்னொருவரும் இந்தச் சிக்கலோடு மல்லாடினார் என்பதனை எமது நண்பர் பலர் அறியார். காரல் மார்க்ஸ் தமது இறுதி ஆண்டுகளில் பூச்சியத்தின்மேற் பூச்சியம் என்ற அந்தப் பின்னத்தை எப்படி விளங்கிக்கொள்வதென்று ஏடு ஏடாக எழுதி, 1881-இல் ஏங்கல்சுக்கும் அனுப்பினார். நியூட்டன், லைப்னிட்ஸ் ஆகியோரின் முறையை அவர் மாயாவாதத் தன்மையது என்றே குறித்தார். ஓர் ஆயரின் குற்றச்சாட்டும் மார்க்சின் குற்றச்சாட்டும் ஒரே புள்ளியிற் சந்தித்தன! அக்கையெழுத்துப் பிரதிகள் 1968-இல் மொஸ்கோவில் முழுமையாக அச்சேறின. அந்தப் புள்ளி, எமது மாணவன் கைகாட்டிய புள்ளியே.

மார்க்சின் பெயரைச் சொல்லிவிட்டு எமது வீட்டின் அழுக்கை மூடிச் செல்வது முறையன்று. 1961 ஏப்ரல் 12-இல் ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். வானத்தில் கடவுளைக் காணவில்லை என்று அவர் உரைத்ததாக ஒரு கூற்றுப் பரவியது; அவருடைய பறப்பின் பதிவுகளில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் எமது மேடைகள் அதனை விரும்பிக் கையாண்டன. ஒரு மனிதன் 108 நிமிடம் பறந்தான். ஆகவே கடவுள் இல்லை! நம்பிக்கை உடைய எந்த ஏழைக் கிழவியும் தன் கடவுள் இருநூறு மைல் உயரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதாக நினைத்ததில்லை. இந்த 'ஆகவே' யாரையும் மாற்றவில்லை. எமக்குள்ளே நாம் சிரித்துக்கொள்ளவே உதவிற்று.

இது வேடிக்கையோடு போயிற்று. லைசென்கோவின் கதை அப்படிப் போகவில்லை. மெண்டலின் மரபு விதியைப் பொய்யாக்கும் நோக்குடன் அவருடைய மாணவி ஒருவர் செய்த பரிசோதனைகளை எடுத்து, அந்த எண்களே மெண்டலை மெய்ப்பிக்கின்றன என்று கணிதர் கொல்மொகோரோவ் 1940-இல் கணக்கிட்டுக் காட்டினார். உயிரியலுக்குக் கணிதம் தேவையில்லை என்ற போக்கிலேயே லைசென்கோவின் மறுமொழி அமைந்தது. நல்ல நகைச்சுவை நாடகத்துக்கு ஏற்ற காட்சி. ஆனால் சிரிக்க யார் துணிவார்? அதே ஆண்டில் நிக்கொலாய் வவிலோவ் கைது செய்யப்பட்டார். உலகின் பயிர் விதைகளைத் தேடித் திரட்டிய அம்மேதை 1943-இல் சராத்தோவ் சிறையில் இறந்தார். 1948 ஆகஸ்டில் நடந்த விவசாய விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில், தம் அறிக்கையைக் கட்சியின் மத்திய குழு ஏற்றுக்கொண்டது என்று லைசென்கோ அறிவித்தார். அந்த அறிவிப்பின்பின் முன்னர் எதிர்த்துப் பேசியோருட் சிலர் அக்கூட்டத்திலேயே எழுந்து தாம் பிழைவிட்டதாக ஒப்புக்கொண்டனர். மத்திய குழு ஏற்றது. ஆகவே கோதுமையும் ஏற்கும். அரசியின் அவையிலே டிடரோவை அடக்கக் கற்பிக்கப்பட்ட சூத்திரம், அவருடைய வாரிசுகள் என்று எம்மைக் கருதிக்கொண்ட எமது கைக்கு வந்து, அங்கே கதையாக இருந்தது இங்கே நிகழ்ச்சியாயிற்று. அந்த மண்டபத்தில் பின் வாங்கிலிருந்து ஒருவர் எழுந்து ஒரு குழந்தைக் கேள்வியைக் கேட்டு, மற்றையோர் மேடையைப் பார்த்துச் சிரித்திருந்தால் என்று நாம் பல இரவுகள் எண்ணியதுண்டு.

சென்ற ஆண்டு எமது வீட்டுக்குப் பின்புறச் சுவர் கட்டுவதற்கு ஒரு மேசன் வந்தார். நீர்மட்டத்தை வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்த தோற்றத்திலே நாம் அவரை அடையாளங் கண்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வீட்டு நிலைமை அப்படி. தேநீர் குடிக்கும் வேளையில், அந்தக் கேள்வி நினைவிருக்கிறதா என்று மெல்லக் கேட்டோம்.

"நீங்கள் ஐயரிட்டை அனுப்பினனீங்கள்" என்றார் அவர்.

நாம் மன்னிப்புக் கேட்டோம். பின்னர் பிரமகுப்தரையும் மகாவீரரையும் பாஸ்கரரையும் பற்றி, அவர் கரண்டியால் மணலிற் கோடு கீற, எமக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னோம். பூச்சியத்தால் பெருக்கினால் ஐந்து தரும் எண் இல்லை என்ற இடத்தில் அவர் தலையசைத்தார். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"அப்ப சேர், பாஸ்கரர் அச்சுதனைக் கொண்டுவந்து வைச்சதும் பிழைதானே?"

"ஓம் தம்பி, பிழைதான்" என்றோம்.

"அவரிட்டைப் படிச்ச பெடியளிலை ஒருத்தனும் கேக்கேல்லையோ?"

எமக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு எழுந்து, குழைத்த சீமெந்து இறுகுவதற்குமுன் அடுத்த வரிசைக் கல்லை வைக்கச் சென்றார்.